வண்டி நல்ல வண்டிதான், கம்பெனி?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் இருக்கிறது பெருநகர். பிரம்மபுரீஸ்வரர் கோயில், தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் வந்து கூடும் செய்யாறு, நெல் வயல், ஏரிக்கரை. பகலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்கு இது உத்திரமேரூர் வட்டத்து விவசாய ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான். விடிவதற்கு முன்னால் வந்து பார்த்தால்தான் சேதி தெரியும். முன்கண்ணாடியில் கம்பெனி பெயர் ஒட்டிய பஸ்கள் வந்து நிற்கும். ஏறுகிறவர்களுக்குக் கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணில் தூக்கம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் பஸ் முழுக்கத் தூங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், செய்யாறு சிப்காட் என்று அவரவர் கேட் வந்தால்தான் விழிப்பு.

இந்தப் பக்கத்து டீக்கடைகளில் கார் பற்றி அபிப்பிராயம் சொல்கிற பலருக்குச் சொந்தக் கார் கிடையாது. ஆனால் காருக்குக் கதவு மாட்டியவர் இருப்பார். சீட் உறை தைத்தவர், வயரிங் கட்டியவர், பம்பர் வார்த்தவர் இருப்பார். "அந்த வண்டியா? தகடு மெலிசுப்பா" என்று ஒருவர் சொன்னால் அது யூடியூபில் பார்த்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அந்தத் தகட்டை அவரே பிரஸ்ஸில் வைத்து எடுத்திருக்கலாம். வண்டிக்கு மார்க் போடும் அதே வாய் கம்பெனிக்கும் மார்க் போடும். இரண்டு மார்க்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

கம்பெனிக்கு மார்க் போடும்போது வரும் முதல் கேள்வி, "பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?" கல்யாணப் பேச்சிலும் இதே கேள்விதான் முதலில் வரும். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே ஸ்குருவை முடுக்கும் இரண்டு பேரில் ஒருவர் பர்மனென்ட், இன்னொருவர் டிரெய்னி அல்லது காண்ட்ராக்ட். சம்பளம் வேறு, போனஸ் வேறு, அடுத்த வருஷம் இருப்பாரா என்பதும் வேறு. ஆண்டு முழுக்க நடக்கும் வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளரை வைப்பதைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்த சட்டம் 1970-லேயே வந்துவிட்டது. அந்த அதிகாரம் எத்தனை இடத்தில் பயன்பட்டது என்று கேட்டால் டீக்கடையில் சிரிப்புதான் பதில்.

சம்பளம் ஓரளவு இருந்தாலும் மரியாதை வேண்டும் என்பது அடுத்த கட்டம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்ததற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதோடு நிர்வாகம் பேச வேண்டும் என்பதுதான் அங்கே பெரிய இழுபறி. சங்கம் கடைசியில் 2025 ஜனவரியில் பதிவானது. அந்த ஆலையில் செய்யும் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் நல்ல சரக்கு என்பதில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே மாற்றுக் கருத்து இருந்திருக்காது. செய்தவர்களே அவர்கள்தானே.

கம்பெனி என்றால் ஒருநாள் போய்விடும் என்ற பயத்தை இந்த வட்டாரத்துக்கு முதலில் காட்டியது நோக்கியா. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தபோது பிளஸ் டூ முடித்த பெண்கள் நேரே அங்கே போனார்கள். உச்சத்தில் 8,000 பேர் அளவுக்கு அதன் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். 2013-இல் வருமான வரித்துறைக்கும் நோக்கியாவுக்கும் பெரிய வரித் தகராறு வந்தது. பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காகக் கட்டிய பணத்துக்கு இங்கே வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது துறை. ஆலை முடக்கத்தில் மாட்டிக்கொண்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த வியாபாரத்தில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. தப்பு யார் பக்கம் என்பது வக்கீல்கள் பேச வேண்டியது. இருபத்தைந்து வயதில் "விருப்ப ஓய்வு" வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பெண்களிடம் அந்த வாதம் எடுபடாது. அந்த வளாகத்தைப் பிறகு சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்கிறது. போன் போய் சார்ஜர் வந்தது.

இன்னொரு பாடம் சாப்பாட்டுத் தட்டில் வந்தது. ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் 2021 டிசம்பரில் கெட்ட உணவு சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிப்படி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. பிறகு வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 706.50 கோடி ரூபாய் செலவில் எழுந்து 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கட்டியது சிப்காட். கம்பெனியின் பொறுப்பு எங்கே முடிகிறது, அரசின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று அந்த நெடுஞ்சாலையில் உட்கார்ந்தவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. சோறு சரியாக இருக்க வேண்டும் என்றார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கார், பணம், பொறுப்பு மூன்றும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. மறைமலைநகர் ஃபோர்டு கதை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும் வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

1995-இல் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து வந்தது ஃபோர்டு. எஸ்கார்ட், பிறகு 1999-இல் ஐகான், 2010-இல் ஃபிகோ, 2013-இல் ஈக்கோஸ்போர்ட். ஈக்கோஸ்போர்ட் இங்கிருந்து கப்பலேறி 2018-இல் அமெரிக்கக் கடைகளுக்கே போனது. இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளிடம் ஃபோர்டு பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முகம் மலரும். கதவைச் சாத்தினால் 'டொப்' என்று ஒரு கனமான சத்தம் வரும். ஸ்டியரிங் கையில் நிற்கும். ஒன்றரை லிட்டர் டீசல் என்ஜின் ஏற்றத்தில் மூச்சு வாங்காது. "வண்டின்னா அதுதாங்க வண்டி" என்பார்கள். அடுத்த மூச்சில், "ஆனா வாங்காதீங்க" என்பார்கள்.

காரணம் 2021 செப்டம்பர் 9. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்த நாள். பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. அதில் பொய் இல்லை. மறைமலைநகரிலும் குஜராத்தின் சானந்திலும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம் வண்டிக்கு மேல் செய்யும் திறன் இருந்தும் சந்தையில் ஃபோர்டின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. மாருதியும் ஹூண்டாயும் வருஷத்துக்கு ஒரு புது மாடல் காட்டிக்கொண்டிருந்தபோது ஃபோர்டு ஒரே ஈக்கோஸ்போர்ட்டுக்கு விதவிதமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. மீண்டும் மகிந்திராவோடு சேரும் ஏற்பாடு ஒன்று 2019-இல் கையெழுத்தாகி 2020 கடைசி நாளில் முறிந்தது. அதற்கப்புறம் முடிவு தெரிந்த கதைதான்.

சுமார் 4,000 ஊழியர் பாதிக்கப்படுவார்கள் என்றது கம்பெனி. நாடு முழுக்க 170 டீலர்கள், அவர்களிடம் வேலை பார்ப்பவர்கள் 40,000 பேர் என்று கணக்குச் சொன்னது விற்பனையாளர் கூட்டமைப்பு. அந்த மாதம்கூடப் புது வண்டிக்கு முன்பணம் வாங்கிய டீலர்கள் இருந்தார்கள், அவர்களுக்கே தெரியாது. பாகமும் சர்வீஸும் வாரண்டியும் தொடரும் என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது. ஆனால் பழைய கார் சந்தைக்கு வாக்குப் பற்றிக் கவலை கிடையாது. ஃபோர்டு என்ற பெயரைக் கேட்டதும் புரோக்கர்கள் விலையைக் கீழே இழுத்தார்கள். ஏழு வருஷ இ.எம்.ஐ. போட்டு வாங்கியவர் மாதத் தவணையைப் பழைய கணக்கிலேயே கட்டினார். வண்டியின் மதிப்பு மட்டும் புதுக் கணக்குக்குப் போய்விட்டது. கார் வாங்குவது என்றால் ஒரு கம்பெனியோடு பத்து வருஷத்துக்குக் குடித்தனம் நடத்துவது என்று இந்த வட்டாரம் புரிந்துகொண்டது அப்போதுதான். இப்போது புதிதாக வரும் எந்த மின்சாரக் காரைப் பற்றிப் பேசினாலும் "பேட்டரி எத்தனை கிலோமீட்டர்?" என்பதற்கு முன்னால் "கம்பெனி நிக்குமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி சரியான கேள்வி.

இனி செட்டில்மென்ட். அன்று அமலில் இருந்த தொழிற்தகராறு சட்டப்படி ஆலையை மூடினால் தொழிலாளிக்குத் தர வேண்டியது, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். பதினைந்து வருஷம் உழைத்தவருக்கு ஏழரை மாதச் சம்பளம். மறைமலைநகர் தொழிலாளர்கள் இதை வாங்கிக்கொண்டு போகத் தயாராக இல்லை. கம்பெனிக்கு ஏற்றுமதிக்கான வண்டிகள் பாக்கி இருந்தன; அதுதான் தொழிலாளர் கையில் இருந்த பிடி. 2022 மே 30-ஆம் தேதி வேலையை நிறுத்தினார்கள். ஜூனில் லைன் மறுபடி ஓடியது, ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்தது, பேச்சு அதற்குப் பின்னும் நீண்டது. கடைசியில் வருஷத்துக்கு 100 நாள் சம்பளத்துக்கு மேல் என்ற கணக்கில் முடிந்தது. சட்டம் சொன்னதைப்போலப் பல மடங்கு. நோக்கியாவைப் பார்த்துவிட்டு ஃபோர்டைப் பார்க்கிறவர்கள் "போனாலும் கொடுத்துட்டுத்தான் போனான்" என்பது இதனால்தான்.

அந்தப் பாராட்டில் ஓர் ஓட்டை உண்டு. பேச்சுவார்த்தை மேஜையில் இருந்தது பர்மனென்ட் தொழிலாளர் சங்கம். ஃபோர்டுக்குப் பாகம் செய்து கொடுத்த சின்னக் கம்பெனிகளில் லைனில் நின்றவருக்கும், பஸ் ஓட்டியவருக்கும், கேன்டீனில் சோறு வடித்தவருக்கும் அங்கே நாற்காலி இல்லை. சானந்தில் கதை வேறு. அந்த ஆலையை டாடா 725.7 கோடிக்கு 2023 ஜனவரியில் வாங்கியபோது தகுதியுள்ள ஊழியர்களுக்கு வேலையும் தொடர்ந்தது. மறைமலைநகரை வாங்க ஆள் வந்தும் வியாபாரம் படியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. கார் ஆலையை மூடிய அதே ஃபோர்டின் கம்ப்யூட்டர் ஆபீஸ் சென்னையில் மூடவே இல்லை. ஆயிரக்கணக்கான பேர் அங்கே உலகம் முழுக்க உள்ள ஃபோர்டுக்குக் கணக்குப் பார்த்தார்கள், மென்பொருள் எழுதினார்கள், எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி.ஐ. படித்த அண்ணன் வீட்டுக்கு வந்தார், பி.இ. படித்த தம்பி அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனார் என்பது நடக்கக்கூடிய குடும்பக் கதைதான். ஜி.எஸ்.டி. சாலைக்கு இது பழகியும் போயிருக்கிறது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1980-களின் கடைசியில் படுத்தது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்று பேச்சு வந்தால் மேடையில் எல்லோரும் சொல்வது சி.எஸ்.ஆர். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், ஆர்.ஓ. தண்ணீர் எந்திரம், மரக்கன்று, திறப்பு விழாவில் கம்பெனி பெயர் போட்ட பலகை. இதற்கும் சட்டம் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 100 கோடி என்றால் 2 கோடி. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 2021-க்குப் பிறகு, செலவழிக்காமல் விட்ட பணத்தைத் தனிக் கணக்கிலோ அரசு சொன்ன நிதியிலோ போட்டாக வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் இந்தக் கணக்கு லாபத்தைப் பார்த்துப் போடுவது. சராசரி நஷ்டம் என்றால் 2 சதவீதம் பூஜ்யம். ஓர் ஊருக்குக் கம்பெனியின் உதவி அதிகம் தேவைப்படும் நாள், அது மூட்டை கட்டும் நாள். அந்த நாளில் சி.எஸ்.ஆர். பையில் ஒன்றும் இருக்காது. தன் ஊழியருக்கு மட்டும் செய்வதையும் சி.எஸ்.ஆர். என்று கணக்கில் எழுத முடியாது. ஆக, நூறு ரூபாய் லாபத்தில் இரண்டு ரூபாய் எங்கே போயிற்று என்று சட்டம் கேட்கிறது. நூறும் எப்படி வந்தது, காண்ட்ராக்டிலா பர்மனென்டிலா என்பது டீக்கடை கேட்கும் கேள்வி. பொறுப்பு என்ற சொல்லுக்கு டீக்கடை வைத்திருக்கும் பொருள்தான் சரி என்று தோன்றுகிறது.

உத்திரமேரூர் வட்டத்தில் இருந்துகொண்டு பொறுப்பைப் பற்றிப் பேசினால் கல்வெட்டைத் தொடாமல் முடியாது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் எழுத்து, ஊர்ச் சபை வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகள். குடவோலை என்றதும் எல்லோரும் ஜனநாயகம் என்று ஆரம்பித்துவிடுவார்கள்; புதிய நாடாளுமன்றத்தின் அடிக்கல் நாட்டு விழா வரைக்கும் இந்தக் கல்வெட்டு போய் வந்துவிட்டது. வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் பார்த்தால் அந்தச் சபையில் இன்றைய கம்பெனி பஸ்காரர்கள் யாருக்கும் இடம் கிடைத்திருக்காது. அதைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசுவது நியாயம் இல்லை.

ஆனால் அதே சுவரில் ஒரு விதி இருக்கிறது, கம்பெனிச் சட்டக்காரர்கள் வந்து நின்று படிக்க வேண்டியது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று எந்த வாரியத்தில் இருந்தாலும், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டும் இல்லை; சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன் என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியலுக்கே தடை. தாய்க் கம்பெனி வெளிநாட்டில், கிளைக் கம்பெனி இங்கே, சகோதரக் கம்பெனி சிங்கப்பூரில், கணக்கு யாரிடம் என்று தெரியாது என்கிற இன்றைய ஏற்பாட்டை அந்தப் பட்டியலை எழுதியவர் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டாரோ என்றுகூடச் சந்தேகம் வரும்.

தாய்க் கம்பெனி விவகாரம் இங்கே பணப் பேச்சாகவும் வந்தது. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா பங்கு வெளியிட்டபோது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் டிமேட் கணக்கு என்றால் என்ன என்று கேட்டவர்கள் அதிகம். 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியாவில் அவ்வளவு பெரிய வெளியீடு நடந்ததில்லை. "நம்ம இருங்காட்டுக்கோட்டை கம்பெனி" என்ற பாசம் வேறு. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. புதுப் பங்கு எதுவும் விற்கவில்லை. தென்கொரியத் தாய்க் கம்பெனி தன் கையிருப்பில் 17.5 சதவீதத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டது. ஊழியருக்குப் பங்குக்கு 186 ரூபாய் தள்ளுபடி கொடுத்தார்கள். ஆனால் சிறு முதலீட்டாளர்களுக்கென ஒதுக்கியதில் பாதிக்குத்தான் விண்ணப்பம் வந்தது. 1,960 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு, பட்டியலான அக்டோபர் 22-ஆம் தேதியே அதற்குக் கீழேதான் விலை போனது. 2025-இல் ஏறியது உண்மை. பொறுமையாக இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒதுங்கி நின்றவர்களையும் ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. விற்கிறவர் முதலாளி, அவசரம் அவருக்கு, நமக்கென்ன என்று யோசித்தார்கள். மாட்டுச் சந்தையில் பழகிய புத்தி.

ஃபோர்டு கதைக்கு இன்னொரு பகுதி சேர்ந்திருக்கிறது. மறைமலைநகரை ஏற்றுமதிக்காகத் திறக்கப்போகிறோம் என்று 2024 செப்டம்பரில் கம்பெனி அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31-ஆம் தேதி ஒப்பந்தம் ஆனது. முதலீடு 3,250 கோடி ரூபாய். ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள். உற்பத்தி 2029-இல். நேரடி வேலை 600-க்குச் சற்று மேல். கார் இல்லை, என்ஜின் மட்டும். "ஃபோர்டு திரும்பி வருதாமே" என்று பழைய வண்டிக்காரர்கள் குஷியானார்கள். ஷோரூம் திறக்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே போன கேட்டில் 600 பேர் உள்ளே போகப்போகிறார்கள். அந்த 600-இல் எத்தனை பர்மனென்ட் என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேட்பதற்கு இடம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது, அதில் ஒன்று மே 1. பெரிய கம்பெனிகள் தங்கள் சி.எஸ்.ஆர். திட்டங்களை இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு என்பது அதில் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் தூங்கிப் போகும் பிள்ளைகளில் யாராவது ஒருவரிடம் சொன்னால் கைப்பேசியில் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெருநகர் பக்கத்து ஆட்கள் வேலை பார்க்கும் கம்பெனிகளின் பட்டியலில் நம் ஊராட்சியின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வேலை நடந்ததா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால், வரும் மே 1 கிராம சபையில் அதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.